ஈரானில் அமெரிக்கா மீது ஏன் இவ்வளவு கோபம்?

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. "ஈரானில் தலைமுறை தலைமுறையாக 'அமெரிக்கா ஒழிக' என்று கத்துவதற்கு மதம்தானே காரணம்?" என்பது ஒன்று. "அமெரிக்கா ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிடாதா?" என்பது இன்னொன்று. இரண்டாவதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் கோபத்துக்கு மொழி கொடுத்தது மதம். காரணம் கொடுத்தவை வாஷிங்டனில் எடுக்கப்பட்ட சில முடிவுகள். அவற்றுக்குத் தேதி உண்டு, முடிவெடுத்தவர்களின் பெயர் உண்டு, பிற்பாடு வெளியான அரசு ஆவணங்களும் உண்டு.

மதம்தான் காரணம் என்றால் முதலில் ஒன்றை விளக்க வேண்டியிருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரானியர்கள் மிகவும் நம்பிய வெளிநாடு அமெரிக்காதான். அப்போதும் அங்கே ஷியா இஸ்லாம் இருந்தது, முல்லாக்களும் இருந்தார்கள். வடக்கே ரஷ்யா, தெற்கே பிரிட்டன் என்று இரண்டு பேர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. தூரத்தில் இருந்த, காலனி பிடிக்க வராத அமெரிக்கா நல்லவனாகத் தெரிந்தது. தப்ரீஸ் நகரில் ஒரு கிறிஸ்தவ மிஷன் பள்ளி ஆசிரியராக இருந்த ஹவர்ட் பாஸ்கர்வில் என்ற இளைஞர், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கேட்ட அரசியல் சாசனப் புரட்சிக்காரர்களோடு சேர்ந்து துப்பாக்கி ஏந்தி, 1909இல் சுடப்பட்டு இறந்தார். வயது 24. அவருடைய மார்பளவுச் சிலை இன்றும் தப்ரீஸின் அரசியல் சாசன இல்லத்தில் இருக்கிறது. 1911இல் ஈரான் நாடாளுமன்றம் தன் கஜானாவை ஒழுங்குபடுத்த வரவழைத்த மார்கன் ஷஸ்டரும் அமெரிக்கர்தான். அவரை வெளியே அனுப்பாவிட்டால் படை வரும் என்று மிரட்டியது ரஷ்யா. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வெளியேற மறுத்த சோவியத் படை 1946இல் கிளம்பிப் போனதற்கும் அமெரிக்க அதிபர் ட்ரூமன் அரசின் அழுத்தம் ஒரு காரணம்.

இப்படி நல்ல பெயர் எடுத்திருந்த நாடு அதை எப்படித் தொலைத்தது என்பதுதான் கதை. அது எண்ணெயில் தொடங்குகிறது.

1901இல் டார்சி என்ற பிரிட்டிஷ்காரருக்கு ஈரான் மன்னர் எண்ணெய் எடுக்கும் உரிமையைக் கொடுத்தார். ஈரானுக்கு நிகர லாபத்தில் 16 சதவீதம். 1914இல் பிரிட்டிஷ் அரசே அந்தக் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கிவிட்டது. அதுதான் ஆங்கிலோ-ஈரானியன் ஆயில் கம்பெனி, இன்றைய பிபி. 1933இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டாலும் ஈரானியர்களுக்குக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை கிடைக்கவில்லை. உலகிலேயே பெரிய சுத்திகரிப்பு ஆலை அபதானில் இருந்தது. அதன் அதிகாரிகளுக்குப் புல்வெளியும் நீச்சல் குளமும். கூலித் தொழிலாளிகள் இருந்ததோ குடிசையில். கம்பெனி பிரிட்டிஷ் அரசுக்குக் கட்டிய வரி ஈரானுக்குக் கொடுத்த தொகையைவிட அதிகமாக இருந்த ஆண்டுகள் உண்டு. 1950 கடைசியில் பக்கத்துச் சவுதியில் அமெரிக்கக் கம்பெனியான அராம்கோ, பாதிக்குப் பாதி என்று ஒப்புக்கொண்டது. அந்தச் செய்தி வந்த பிறகு தெஹ்ரானில் எந்த அரசியல்வாதியும் பழைய பங்கை நியாயப்படுத்த முடியாமல் போயிற்று.

1951 மார்ச்சில் ஈரான் நாடாளுமன்றம் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது. அடுத்த மாதமே முகமது மொசாதெக் பிரதமர். சுவிட்சர்லாந்தில் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், பழைய பிரபு குடும்பம், நோயாளி உடம்பு, கட்டிலில் படுத்தபடியே வெளிநாட்டுத் தூதர்களைச் சந்திப்பார். பேசும்போது அழுதும்விடுவார். லண்டன் பத்திரிகைகள் அவரைக் கோமாளியாக எழுதித் தள்ளின. கோமாளி நேராக ஐநா பாதுகாப்பு சபைக்குப் போய் வாதாடினார். டைம் பத்திரிகை அந்த ஆண்டின் மனிதராக அவரைத்தான் அட்டையில் போட்டது. பிரிட்டன் ஈரான் எண்ணெயை யாரும் வாங்கவிடாமல் மறித்தது. ஆட்சியைக் கவிழ்க்கக் கைகொடுக்கும்படி அமெரிக்காவிடமும் கேட்டது. ட்ரூமன் மறுத்தார்.

1953 ஜனவரியில் ஐசனோவர் அதிபராக வந்தார். வெளியுறவுத் துறை ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் கையில், சிஐஏ அவருடைய தம்பி ஆலன் டல்லஸ் கையில். மொசாதெக்கை விட்டுவைத்தால் ஈரான் கம்யூனிஸ்டுகளிடம் போய்விடும் என்று இவர்களிடம் சொன்னால் போதும் என்பது பிரிட்டனுக்குப் புரிந்துவிட்டது. எண்ணெய்த் தகராறு இப்படித்தான் பனிப்போர்க் கணக்கில் ஏறியது.

அப்புறம் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஈரானியர்களின் நினைவு இந்த நான்கு நாட்களில்தான் உறைந்து நிற்கிறது. முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பேரன் கெர்மிட் ரூஸ்வெல்ட், சிஐஏ ஆளாகப் பொய்ப் பெயரில் ஈராக் வழியாக உள்ளே வந்திருந்தார். மொசாதெக்கைப் பதவி நீக்கும் உத்தரவில் ஈரான் மன்னர் ஷா கையெழுத்துப் போட்டார். ஆகஸ்ட் 15 இரவு அதைக் கொண்டுபோன கர்னலை மொசாதெக்கின் ஆட்கள் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். விஷயம் வெளியே வந்ததும் ஷா விமானமேறி பாக்தாத் போய், அங்கிருந்து ரோமுக்குப் பறந்தார். திட்டம் தோற்றது என்று நினைத்து, போதும் நிறுத்து என்று தலைமையகமே தந்தி அடித்தது. ரூஸ்வெல்ட் கேட்கவில்லை. ஆகஸ்ட் 19 காலையில் காசு வாங்கிய கும்பலும் உடற்பயிற்சிக் கூடத்து ரவுடிகளும் தெருவில் இறங்கினார்கள். ஷாவின் உண்மையான ஆதரவாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். மத்தியானத்துக்குப் பிறகு டாங்கிகள் மொசாதெக்கின் வீட்டைச் சுட ஆரம்பித்தன. அவர் தோட்டத்துச் சுவரேறித் தப்பி, மறுநாள் சரணடைந்தார். மூன்று ஆண்டு சிறை. பிறகு சாகும்வரை தன் கிராமத்தில் வீட்டுக்காவல். 1967இல் இறந்தபோது பொது இடத்தில் புதைக்கவும் ஷா அனுமதிக்கவில்லை. அந்த வீட்டுச் சாப்பாட்டு அறையின் தரைக்கடியில்தான் அவருடைய கல்லறை இருக்கிறது.

மொசாதெக் கவிழ்ந்ததற்குச் சிஐஏ மட்டுமே காரணமா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் தகராறு உண்டு. தடையால் பொருளாதாரம் நொறுங்கியிருந்தது. ஆயத்துல்லா கஷானி போன்ற பழைய கூட்டாளிகள் கைவிட்டிருந்தார்கள். ராணுவ அதிகாரிகளிலும் பலர் ஷா பக்கம்தான். உள்ளே ஆள் இல்லாமல் வெளியிலிருந்து வந்தவர் மட்டும் ஆட்சியைக் கவிழ்த்திருக்க முடியாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பின்னால் நடந்ததைப் பாருங்கள். மொசாதெக் உதவி கேட்டபோது ஜூன் மாதம் கைவிரித்த ஐசனோவர், செப்டம்பரில் புதிய அரசுக்கு 4.5 கோடி டாலர் கொடுத்தார். 1954இல் எண்ணெயை நிர்வகிக்க ஒரு கூட்டமைப்பு வந்தபோது அமெரிக்கக் கம்பெனிகளுக்கு அதில் 40 சதவீதம். ஆட்சிக்கவிழ்ப்புக்கு முன்னால் அங்கே அவர்களுக்கு இருந்த பங்கு பூஜ்யம். இந்த 40 சதவீதத்தைப் பார்த்த ஈரானியரிடம் போய், கம்யூனிசத்திலிருந்து உங்களைக் காப்பாற்றத்தான் வந்தோம் என்று யார் சொன்னாலும் எடுபடாது.

பத்து வருடம் கழித்து நடந்தது வெளியுலகத்துக்கு அவ்வளவாகத் தெரியாது. என் கணக்கில் 1953க்கு அடுத்த இடம் அதற்குத்தான். 1964 அக்டோபரில் ஈரான் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது: ஈரானில் இருக்கும் அமெரிக்க ராணுவ ஆலோசகர்களோ அவர்களது குடும்பத்தாரோ குற்றம் செய்தால் ஈரான் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. சில நாளிலேயே 20 கோடி டாலர் ஆயுதக் கடனுக்கும் ஒப்புதல் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் போரில் தோற்று ரஷ்யாவுக்குக் கொடுக்க நேர்ந்த இதே மாதிரிச் சலுகையை 1928இல் ரத்து செய்தவர் ஷாவின் அப்பா ரேஸா ஷா. மகன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்திய நீதிபதி வெள்ளைக்காரரை விசாரிக்கலாம் என்று 1883இல் இல்பர்ட் மசோதா வந்தபோது கல்கத்தா வெள்ளையர்கள் போட்ட கூச்சலைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது எந்த இடத்தில் சுடும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னாளில் 1979 புரட்சிக்குத் தலைமை தாங்கிய கொமேனி அப்போது கும் நகரத்து மதகுரு. முந்தைய ஆண்டே ஷாவை எதிர்த்துச் சிறைக்குப் போய் வந்தவர். இந்தச் சட்டத்தைப் பற்றி அவர் பேசிய பேச்சில் வேதாந்தம் அதிகம் இல்லை. ஒரு அமெரிக்கரின் நாய் மேல் ஷா வண்டியை ஏற்றினால் ஷா மீது வழக்கு வரும். ஒரு அமெரிக்கச் சமையல்காரன் ஷாவின் மேலேயே வண்டியை ஏற்றினாலும் யாரும் கேட்க முடியாது என்றார். தொழுகைக்கே போகாதவனுக்கும் இது புரியும், உறைக்கும். நவம்பர் 4ஆம் தேதி அவரை நாடு கடத்தினார்கள். சரியாகப் பதினைந்து வருடம் கழித்து அதே நவம்பர் 4இல்தான் தெஹ்ரானின் அமெரிக்கத் தூதரகச் சுவரில் மாணவர்கள் ஏறினார்கள்.

அந்த இடைக்காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1957இல் சவாக் என்ற ரகசிய போலீஸ், அமெரிக்க, இஸ்ரேலிய உதவியோடு வந்தது. 1972இல் நிக்சன் தெஹ்ரான் வந்து, அணு ஆயுதம் தவிர எது வேண்டுமானாலும் வாங்கிக்கொள் என்று ஷாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மனித உரிமை பேசிப் பதவிக்கு வந்த கார்ட்டர்கூட 1977 டிசம்பர் 31 இரவு விருந்தில் ஷாவின் ஈரானை நிலைத்தன்மையின் தீவு என்று வாழ்த்தினார். பத்து நாளுக்குள் கும் நகரில் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு. ஒரு வருடத்தில் ஷா நாட்டை விட்டே போய்விட்டார்.

1979 அக்டோபரில் புற்றுநோய் சிகிச்சைக்காக ஷாவை அமெரிக்கா நியூயார்க்கில் சேர்த்துக்கொண்டது. அமெரிக்கர்களுக்கு அது ஒரு நோயாளிக்குக் காட்டிய மனிதாபிமானம். தெஹ்ரானில் அதைப் பார்த்த விதம் வேறு: போன தடவையும் இப்படித்தான் ஓடினார், அமெரிக்கத் தூதரகத்திலிருந்துதான் சதி நடந்தது, மூன்றே நாளில் ஆட்சி கவிழ்ந்து அவர் திரும்பி வந்தார். இப்போது அதே தூதரகம், அதே ஷா. தூதரக ஊழியர்கள் 52 பேரை 444 நாள் பிடித்து வைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. எந்தச் சட்டத்திலும் அதற்கு இடமில்லை, ஈரானுக்கு அதனால் வந்த நஷ்டமும் கொஞ்சமல்ல. ஆனால் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அது திடீரென்று வெடித்த பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. அவர்களுக்குக் கதை 1979இல் தொடங்குகிறது, ஈரானியருக்கு 1953இல். வல்லரசுகள் பற்றிய கோபங்களில் பெரும்பாலும் இதைப் பார்க்கலாம். அடித்தவனுக்கு அது பழைய கோப்பில் ஒரு தாள், அவ்வளவுதான். வாங்கியவன் அதை மறப்பதில்லை.

அடுத்து எட்டு வருடப் போர். 1980இல் படையெடுத்தவர் சதாம் ஹுசேன். ஈரானியர் மீது ரசாயன ஆயுதம் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்று 1984 மார்ச்சில் ஐநா நிபுணர்களே உறுதி செய்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா ஈராக்குடன் முழுத் தூதரக உறவை மீண்டும் ஏற்படுத்திக்கொண்டது. உளவுத் தகவல்களும் பாக்தாத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. விஷவாயுவில் நுரையீரல் கருகியவர்கள் ஈரானில் இன்றும் ஆக்சிஜன் குழாயோடு வாழ்கிறார்கள். அமெரிக்கா தங்களைப் பேரழிவு ஆயுதம் பற்றி எச்சரிக்கும்போது அவர்களுக்கு என்ன தோன்றும் என்று யோசித்துப் பாருங்கள்.

போரின் கடைசிக் கட்டத்தில், 1988 ஜூலை 3 காலை, பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்கு ஈரான் ஏர் 655 கிளம்பியது. அரை மணி நேரம்கூட ஆகாத பயணம். வழக்கமாகப் போகும் வழிதான். கீழே வின்சென்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், ஈரானின் சிறு படகுகளோடு சண்டை போட்டபடி ஈரான் கடல் எல்லைக்குள்ளேயே இருந்தது. விமானம் கிளம்பி ஏழு நிமிடத்தில் அதைப் போர் விமானம் என்று எண்ணி இரண்டு ஏவுகணைகளை விட்டார்கள். 290 பேர் இறந்தார்கள், அதில் 66 குழந்தைகள். பத்து இந்தியர்களும் இருந்தார்கள். நம் ஊர்களில் அதை யாரும் பேசிக் கேட்டதில்லை. விமானம் கப்பலை நோக்கி இறங்கி வந்தது, பாதையை விட்டு விலகியிருந்தது என்று முதலில் சொன்னார்கள். அது மேலே ஏறிக்கொண்டிருந்தது, பாதைக்குள்தான் இருந்தது என்று பிறகு அமெரிக்கக் கடற்படை விசாரணையே ஒப்புக்கொண்டது.

தவறுதலாகச் சுட்டார்கள் என்பதை நான் நம்புகிறேன். ஈரானியர் பலர் நம்புவதில்லை, அதற்குக் காரணம் பின்னால் வந்தவை. ரீகன் வருத்தம் தெரிவித்தார், முறையான மன்னிப்பு வரவில்லை. மறு மாதம் தேர்தல் பிரசாரத்தில், உண்மை என்னவாக இருந்தாலும் அமெரிக்காவுக்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றார் துணை அதிபர் புஷ். அவர் பொதுவாகப் பேசியதுதான். கேட்டவர்கள் எதோடு சேர்த்துக் கேட்டிருப்பார்கள்? 1990இல் கப்பலின் கேப்டனுக்கு அந்தக் காலப் பணிக்காகப் பதக்கம் கொடுத்தார்கள். 1996இல் 6 கோடியே 18 லட்சம் டாலர் கொடுத்தார்கள், பொறுப்பை ஏற்காமலே.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். வியட்நாமில் அமெரிக்கா போட்ட குண்டுகளோடு ஒப்பிட்டால் ஈரானில் நடந்தது ஒன்றுமே இல்லையே? அங்கே ஏன் இந்தக் கோபம் இல்லை? உண்மைதான். 2017இல் பியூ நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 84 சதவீத வியட்நாமியர்கள் அமெரிக்காவை நல்லவிதமாகப் பார்ப்பதாகச் சொன்னார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கையை வைத்துக் கோபத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வியட்நாம் அந்தப் போரில் ஜெயித்தது. அமெரிக்கா வெளியேறியது, 1995இல் உறவு சீரானது, டா நாங் விமான நிலையத்தில் கொட்டிய ரசாயன நஞ்சை அள்ளிச் சுத்தம் செய்ய அமெரிக்காவே பணம் போட்டது. பக்கத்தில் சீனா என்ற பழைய பயம் வேறு. இந்தியாவையும் எடுத்துக்கொள்ளலாம். 1971இல் வங்கதேசப் போரின்போது நிக்சன் வங்காள விரிகுடாவுக்கு எண்டர்பிரைஸ் போர்க்கப்பலை அனுப்பியதை ஒரு தலைமுறை மறக்கவே இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அமெரிக்க விசாவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். கப்பல் வந்தது, ஒன்றும் செய்ய முடியாமல் போனது. நம் ஆட்சியை அது மாற்றவில்லை.

ஈரானில் ஆட்சியையே மாற்றினார்கள், மாற்றிய பிறகு கணக்கும் முடியவில்லை. ஒவ்வொரு பத்தாண்டிலும் புதுப்பற்று ஏறிக்கொண்டே இருந்தது. 2001 செப்டம்பருக்குப் பிறகு தெஹ்ரானில் இளைஞர்கள் அமெரிக்காவுக்காக மெழுகுவத்தி ஏற்றினார்கள், டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குப் புது அரசு அமைக்கும் பான் மாநாட்டில் ஈரான் உதவியது. அடுத்த மாதமே இளைய புஷ் ஈரானைத் 'தீமையின் அச்சு' என்ற எதிரி நாடுகள் பட்டியலில் சேர்த்துப் பேசினார். 2015இல் அணு ஒப்பந்தம் போட்டு, சர்வதேச அணுசக்தி முகமை ஈரான் அதைக் கடைப்பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே 2018 மேயில் ட்ரம்ப் அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியேறினார். அமெரிக்காவோடு பேசலாம் என்று ஈரானுக்குள் வாதாடியவர்கள்தான் இரண்டு தடவையும் அடிபட்டுப் போனார்கள்.

இதையெல்லாம் சொன்னதால் ஈரான் ஆட்சியாளர்களுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். அவர்களுக்கு இந்தக் கோபம் நல்ல முதலீடு. விலைவாசி ஏறினாலும் பெண்கள் தெருவுக்கு வந்தாலும் அமெரிக்கச் சதி என்று கைகாட்டலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், 1953ஐ ஓயாமல் பேசும் அந்த ஆட்சிக்கு மதச்சார்பற்ற மொசாதெக்கை அறவே பிடிக்காது. புரட்சி முடிந்ததும் தெஹ்ரானின் நீண்ட சாலைக்கு மக்கள் மொசாதெக் பெயரை வைத்தார்கள். கொஞ்ச காலத்தில் அதை வலியஸ்ர் என்ற மதப் பெயராக மாற்றிவிட்டார்கள். மக்களும் ஆட்சியும் ஒன்றல்ல. 2020 ஜனவரியில் ஒரு தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் மிதிப்பதற்கென்றே தரையில் வரைந்திருந்த அமெரிக்க, இஸ்ரேல் கொடிகளை மாணவர்கள் மிதிக்காமல் ஒதுங்கிச் சுற்றிப் போன காட்சி வெளியானது. பத்து நாளுக்கு முன்னால்தான் அமெரிக்கா ஈரான் தளபதி சுலைமானியைக் கொன்றிருந்தது. அதற்குப் பதிலடி நடந்த இரவில் ஈரான் ராணுவமே உக்ரைன் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி மூன்று நாள் மறைத்ததும் அப்போதுதான் வெளியே வந்திருந்தது. அமெரிக்கக் கொள்கை மேல் கோபம், சொந்த ஆட்சி மேல் அதைவிடக் கோபம், அமெரிக்கர்கள் மேல் பிரியம்: மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கலாம்.

சரி, மன்னிப்பு. கிட்டத்தட்ட ஒன்று வந்தது. 2000 மார்ச்சில் வெளியுறவு அமைச்சர் மாடலின் ஆல்பிரைட், 1953இல் அமெரிக்காவுக்கு முக்கியப் பங்கு இருந்தது, அது ஈரானின் அரசியல் வளர்ச்சிக்குப் பின்னடைவு என்று வெளிப்படையாகப் பேசினார். ஈரானியக் கம்பளம், பிஸ்தா, கேவியர் இறக்குமதிக்கு இருந்த தடையையும் எடுத்தார். அதே பேச்சில், ஈரானில் ராணுவமும் நீதித்துறையும் தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் கையில் இருக்கின்றன என்றும் சேர்த்துக்கொண்டார். சொன்னது உண்மைதான், ஆனால் அந்தக் கையே ஈரானின் அப்போதைய உச்சத் தலைவர் கமேனியின் கை. அவர் 1953ஐ ஒப்புக்கொண்டதையும் சேர்த்தே தூக்கி எறிந்தார். 2009இல் கெய்ரோவில் ஒபாமாவும் 1953ஐ ஒப்புக்கொண்டார். 2013இல் ஆட்சிக்கவிழ்ப்பில் தன் பங்கை ஒப்புக்கொள்ளும் சிஐஏ ஆவணமே வெளியானது. எதுவும் பெரிதாக மாறவில்லை.

எனவே இரண்டாவது கேள்விக்கு என் பதில்: ஒரு மன்னிப்பு மட்டும் போதாது. வியட்நாமில் யாரும் பெரிதாக மன்னிப்புக் கேட்கவில்லை; நிலைமை மாறியது, மாறியபடியே நின்றது. ஈரானில் மாறிய நிலைமை ஒரு அதிபரின் பதவிக்காலத்தைத் தாண்டி நின்றதில்லை. 2018 ஆகஸ்டில் தடைகள் திரும்ப வந்தபோது முதல் சுற்றிலேயே நிறுத்தப்பட்டவற்றில் அந்தக் கம்பளமும் பிஸ்தாவும் இருந்தன.